நான் முறுக்கிய போல்ட்

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் கெமாஸ் ஸ்டேஷனில் சரக்கு ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். என் கை பட்ட பெட்டியில் ஓர் ஆணிகூட ஆடாது என்று எனக்குத் தலைக்கனம்.

ஒரு நாள் காலை, தெற்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்து ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. அங்கே போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வந்ததில்லை. கடைசிப் பெட்டியின் கதவில் கீழ்க்கொண்டி கழன்று கிடந்தது. தள்ளினால் ஓர் ஆள் நுழையலாம். காவலுக்கு நின்ற சிப்பாய் அதைக் கவனிக்கவே இல்லை. யாரும் சொல்லாமலே நான் ஸ்பானரை எடுத்தேன்.

உள்ளிருந்து ஒருவர் இடுக்கு வழியாக, "அண்ணே, அத அப்படியே விட்டுருங்கண்ணே," என்று கிசுகிசுத்தார்.

"பயப்படாதீங்கலா. கெட்டியா போட்டுடுறேன். யாரும் கீழ விழ மாட்டீங்க," என்றேன்.

அவர் இடுக்கு மூடும்வரை என்னையே பார்த்தார். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏதாவதொரு வளைவில் வேகம் குறையும்போது குதித்துவிட, அவர்கள் அந்தக் கதவைத்தான் நம்பியிருந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து அதே பெட்டி காலியாகத் திரும்பி வந்தது. உள்ளே ஏறிப் பார்த்தேன். நான் முறுக்கிய போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் முழுவதும் சுரண்டப்பட்டிருந்தது.

பின்னால் ஏறிய, எங்களை வேலை வாங்கும் மண்டோர் அதை ஆட்டிப் பார்த்தார். "ஒன் வேல வேலதான்லா. அசையவே இல்ல."

வாழ்நாளில் ஒரே ஒரு வேலையை நான் அரைகுறையாகச் செய்திருக்க வேண்டும். அதைத்தான் ஒழுங்காகச் செய்து தொலைத்தேன்.