மூன்றாவது கூப்பாடு

கோட்டைச் சதுக்கத்தில் இருந்த பழைய தாலுகா ஆபீசுக்கு ஏழு கல்படிகள். கடைசிப் படி நடுவில் குழிந்திருக்கும். தோளில் சிவப்புப் பட்டை மாட்டிய டவாலிக்காரர் அங்கே நின்றுதான் பெயர் கூப்பிடுவார். முதல் கூப்பாடு வராந்தாவில், இரண்டாவது அந்தப் படியில். அப்படியும் ஆள் வராவிட்டால் மூன்றாவதுக்குப் புளியமரத்தடிக்கே இறங்கி வந்துவிடுவார். ஊர்ப்பெயர், அப்பன் பெயர், ஆள் பெயர் என்று சேர்த்துக் கூப்பிடுவார். உரியவர் எழுந்து, “இருக்கறனுங்க” என்பார்.

அப்பா செத்த வருஷம் பட்டா மாற்ற நானும் ஆத்தாவும் போனோம். நான் அஞ்சாவதோடு நின்றவன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை என் பெயர் கேட்டும் மரத்துக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் வந்துவிட்டார். “உள்ள இருக்கற தாசில்தாரும் நம்மளாட்டம் களி திங்கற ஆளுதானுங்க. பயப்படாம வாங்க” என்றார். அன்று அவர் இறங்கி வராவிட்டால் இந்த இரண்டு ஏக்கர் எங்களுடையதில்லை.

அந்தக் கட்டடத்தை ஒரே வாரத்தில் இடித்தார்கள். புளியமரத்தையும் விடவில்லை. இப்போது நாலு மாடி, முழுக்கக் கண்ணாடி. சதுக்கத்தில் யார் நடந்தாலும் அதில் பட்ட வெயில் முகத்தில் அறைகிறது. தாத்தன் காலத்துக் கல்லைப் பெயர்த்து, கார் நிறுத்துமிடத்துக்கு வரம்பாகப் போட்டிருக்கிறார்கள். திறப்பு விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்று வருகிறது.

போன மாதம் ஒரு வேலையாக அங்கே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் டவாலிக்காரர், நன்றாகத் தளர்ந்துபோய். தன் வீட்டுப் பட்டாவில் தன் பெயரே இல்லையென்று நாலாவது முறையாக வந்திருந்தார். இயந்திரம் அவருக்கு நாற்பத்தேழாம் சீட்டும் எனக்கு நாற்பத்தெட்டும் துப்பியது. “கூப்பிடறப்ப வர்றனுங்க” என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தான். “பெருசுக்கு இன்னும் பழைய நெனப்பு. இங்க யாரு கூப்பிடறது?”

திரையில் நாற்பத்தேழு வந்தது. யாரும் எழவில்லை. மூச்சு விடுவதற்குள் நாற்பத்தெட்டு. என் முறை. நான் கவுன்டருக்குப் போகவில்லை. எழுந்து நின்று கூப்பிட வாயெடுத்தபோதுதான் உறைத்தது: தாலுகாவில் எல்லோர் பெயரும் அவர் வாயில் இருந்தது, அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. “டவாலிக்காரரே” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவருகே போய் இன்னொரு முறை கூப்பிட்டேன். “யோவ், கத்தாத, இது ஆபீசு” என்றான் காவலாளி. ஆபீசாம். ஆளைக் கூப்பிடத் தெரியாத ஆபீசு.

வெளியே இறங்கினேன். புளியமரம் இருந்த இடத்தில், கொளுத்தும் வெயிலில், அந்த வரம்புக் கல்லொன்றில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறை கூப்பிட்டேன்.

“இருக்கறனுங்க” என்று கையூன்றி எழுந்தார்.

அவர் எழுந்த பிறகு கல்லைப் பார்த்தேன். நடுவில் குழிந்திருந்தது. உள்ளே திரையில் ஐம்பத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது.