என் பெயரில் அவர் செய்த சிசேரியன்கள்

லண்டனில் எனக்கு மகப்பேற்றுப் பிரிவில் இடம் கிடைத்தது இன்னொருவருடைய கைகளைக் காட்டித்தான். இதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில், வன்னியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். அங்கே டொக்டர் என்று இருந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அடுத்தபடியாக ஒரு ஏ.எம்.பி. இருந்தார். மருத்துவக் கல்லூரிக்குப் போகாமல், குறுகிய பயிற்சியோடு நோயாளரைப் பார்க்க அனுமதி பெற்றவர்களை அப்படித்தான் சொல்வோம். என் வயதுதான் அவருக்கும். மருந்து எழுதலாம், காயம் தைக்கலாம், வயிற்றைத் திறக்கக் கூடாது. ஆனால் திறக்கத் தெரிந்தவர் அவர்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ஜனுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று பழகியிருந்தார். நானோ இரண்டு மூன்று சிசேரியன்களை எட்ட நின்று பார்த்துவிட்டு எம்.பி.பி.எஸ். என்று பலகை மாட்டியவன்.

ஊரடங்கு நாளொன்றின் மத்தியானம், பிள்ளை குறுக்கே கிடந்த ஒரு பெண்ணை ட்ராக்டரில் கொண்டுவந்தார்கள். வேறெங்கும் அனுப்ப வழியில்லை. கத்தியை எடுத்தேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டொக்டர், நீங்கள் மயக்கத்தைப் பாருங்கோ. நான் செய்யிறன்" என்றார் ஏ.எம்.பி.

செய்தார். அவர் கையில் அவசரமே இல்லை. கர்ப்பப்பையில் கத்தி வைக்குமுன் மூத்திரப்பையைக் கீழே ஒதுக்கி, ஒதுங்கிவிட்டதா என்று விரலால் இன்னொருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

பதிவேட்டில் 'செய்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அவர் பெயரை எழுதினால் அவருடைய வேலை போய்விடும். அன்று அது நியாயமாகத்தான் பட்டது. ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. அதன்பிறகு வந்தவற்றையும் அவர் செய்தார், நான் கையெழுத்து வைத்தேன். அவரைப் பார்த்துப் பார்த்து நானும் மெல்லப் பழகினேன், ஆனால் பக்கங்களை நிரப்பியவை அவர் செய்தவை.

லண்டனுக்கு வந்தபோது அந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு வந்தேன். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தாள்களைப் புரட்டிவிட்டு, இவ்வளவையும் தனியாகவா செய்தீர்கள் என்று கேட்டார். வேறு வழி இருக்கவில்லை என்று அடக்கமாகச் சொன்னேன். அந்த அடக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஏ.எம்.பி.யும் அகதியாக வந்து சேர்ந்தார். கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் பகுதியில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் மனைவியும் மகளுமாக இருந்தார். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. என்னைத் தேடிப்பிடித்து வந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டர் உதவியாளராகப் பழக ஆள் எடுக்கிறார்களாம், கூட வேலை செய்த டொக்டரின் கடிதம் வேண்டுமாம்.

"என்னட்ட ஒரு பேப்பரும் இல்லை. நான் செய்தது உங்களுக்குத்தான் தெரியும். உள்ளதை எழுதினாக் காணும், டொக்டர்."

உள்ளதை எழுதினால் என் பக்கங்கள் பொய்யென்றாகிவிடும். நேரம் தவறாதவர், சுத்தமானவர், தியேட்டரில் எனக்கு நன்றாக உதவியவர் என்று எழுதிக் கொடுத்தேன். சிறிய கடிதம்தான், ஆனால் நெடுநேரம் வாசித்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் வேலை கிடைத்தது. பாவி, நான் அதற்கும் வாழ்த்துச் சொன்னேன்.

சில வருடம் கழித்து அவருடைய மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு, அதே கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் என் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்யும் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். விருந்தினரைக் கவனிக்கத் தகப்பனும் மகளும் மேசை மேசையாக வந்தார்கள். பட்டுச்சேலையில் தடுக்கி நடந்து வந்த பெண் என்னைக் கண்டதும் நின்றாள்.

"அங்கிள், அப்பா ஊரில சிசேரியன் எல்லாம் செய்தவர். ஸ்கூலில சொன்னா ஒருத்தரும் நம்பினம் இல்லை. நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"டாக்டர் இல்லாதவர் எப்படிம்மா செய்வார்?" என்று சிரித்தபடி பக்கத்திலிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பக்கத்தில் இருப்பவர் நாளைக்கே ஆஸ்பத்திரியில் கேட்பாரே, அப்போது நீ என்ன செய்தாய் என்று. நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். தகப்பன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிமிரமாட்டேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அது நான் சும்மா விட்ட கதை, பிள்ளை" என்றார். "டொக்டர்தான் செய்தவர். நான் பக்கத்தில நிண்டனான்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப எனக்குப் பொய்யே சொன்னனீங்கள், அப்பா?"

"ஓம்" என்றார்.