தண்ணீர்ச் செய்தியில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

கதை எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் லீவு லெட்டரும்தான். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது; அதனால் எழுதுகிறேன்.

நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வரிசையாக ஆறு வீடு, எல்லோருக்கும் வாசலில் ஒரே குழாய். தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை வரும். எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாது. அப்போது வீட்டில் இருப்பவர் ஆறு வீட்டுக் குடங்களையும் பிடித்து வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அதற்காகவே காலிக் குடங்களை வெளியே வைத்துவிட்டுத்தான் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போவோம். அப்படியும் அந்த மாதம் இரண்டு முறை தவறிப்போனது. சாயங்காலம் வந்து பார்த்தால் தெரு ஈரமாக இருக்கிறது, குடம் காய்ந்து கிடக்கிறது. கேன் தண்ணீர் வாங்கி அரிசி களைந்தேன்.

தண்ணீர் திறப்பதற்கு முன்பே செல்போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு செயலி வருகிறது, அது எப்படி இருக்க வேண்டும் என்று மக்களையே கேட்கப் போகிறார்கள் என்று மாநகராட்சியில் அப்போதுதான் சொன்னார்கள். ஞாயிறு மதியம், பள்ளிக்கூடத்தில் கூட்டம். அரை நாள் வேலையை முடித்துவிட்டு நேராக அங்கே போனேன்.

செயலியின் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கூட்டத்தை நடத்த வந்தவர் ஓர் இளம்பெண்.

"நல்லாப் பாருங்க. தப்பு இருந்தா சொல்லுங்க. நாளைக்கு மேலதிகாரிங்ககிட்ட குடுத்துட்டா அப்புறம் மாத்தறது கஷ்டமுங்க."

எல்லோரும் பார்த்தோம். "நல்லா இருக்குதுங்க" என்றார்கள்.

"குறை ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லீங்க."

"நெசமாலுமேங்களா?"

முன்வரிசையில் இருந்த பெரியவர் சொன்னார்: "ஊரு தேடி வந்து கேக்கறவங்ககிட்ட யாராச்சும் குத்தம் சொல்லுவாங்களா அம்மிணி? டீயைக் குடிங்க."

எனக்குக் குறை தெரிந்துவிட்டது. இரண்டாவது பக்கத்தில், குழாய் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய எண்ணுக்கு மட்டும் ஒரு கட்டம் இருந்தது. எங்கள் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் இருப்பது பல்லடத்தில். நல்ல மனிதர்தான், தண்ணீர் வந்த மறுநாள் அக்கறையாகப் போன் போட்டு, "தண்ணி வந்துதுங்களா?" என்று கேட்பார். செய்தி அவருக்குப் போனால் எங்கள் குடம் நிரம்பாது.

சொல்லத்தான் வேண்டும். வாய் வரவில்லை. கை மட்டும் பையைத் துழாவியது. டிபன் பாக்ஸுக்கு அடியில் ஸ்டிக்கர் தாள் அகப்பட்டது.

பனியன் கம்பெனியில் என் வேலை செக்கிங். துணியில் ஓட்டையோ தையல் பிசகோ கண்டால் நாங்கள் வாயால் சொல்வதில்லை. அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி ஒதுக்கி வைப்போம். டைலர் எடுத்துச் சரிசெய்வார். யாருக்கும் மனவருத்தம் கிடையாது.

எல்லோரும் டீக்குத் திரும்பிய நேரம் பார்த்து, சுவரோரம் போய் அந்தக் கட்டத்தின் மேல் ஓர் அம்பை ஒட்டினேன். திரும்பினால் பக்கத்து வீட்டு டைலர் நிற்கிறார். மதுரைப் பக்கத்துக்காரர். கம்பெனியில் அவர் தைப்பதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

"ஏக்கா, தெனமும் எனக்கு ஒட்டுறது பத்தாதுன்னு கவர்மெண்டுக்கும் ஒட்டிட்டீகளா!"

கூட்டமே திரும்பியது. நான் பின்னால் போய் நிற்க ஒரு தூணைத் தேடினேன். அந்தப் பெண் ஓடி வந்து பார்த்தார். "இது என்னங்கக்கா?"

டைலரே பதில் சொன்னார்: "பிரிச்சுத் தைக்கணும்னு அர்த்தம்மா. வீட்டுக்காரருக்கு மெசேஜ் போனா வாடகைக்கு இருக்கவுக என்ன செய்வாக?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். என்னிடமிருந்து தாளை வாங்கித் துண்டு துண்டாகக் கிழித்து எல்லோரிடமும் கொடுத்தார். "வாயில சொல்ல வேண்டாமுங்க. ஒட்டுங்க!"

பத்து நிமிடத்தில் சுவருக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. டீ குடிக்கச் சொன்ன பெரியவர் ஒருவரே நான்கு அம்பு ஒட்டினார்.

"எழுத்து பொடிசா இருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியல."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றார் அந்தப் பெண்.

"சொன்னா குத்தமுங்க. இது ஸ்டிக்கர்தானுங்களே!"

எங்கள் லைனில் கடைசி வீட்டில் குடியிருப்பவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார்; பீகார்க்காரர். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். செய்தி வந்து எழுப்பிவிட்டால் தண்ணீர் பிடிக்க அவர் இருக்கிறார். ஆனால் மொழி கேட்கும் பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும்தான் இருந்தன. அவர் அங்கே ஓர் அம்பை அழுத்தி ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, ஹிந்தி நஹி, பானி நஹி!" ஹிந்தி இல்லாவிட்டால் தண்ணீரும் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்து பள்ளிக்கூடமே சிரித்தது.

"உங்க குழாய்க்கு எத்தனை நம்பர் வேணுமுங்க அக்கா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

முன்னால் வந்து நின்றேன். "ஆறுங்க. ஆறு ஊட்டுல யாராச்சும் ஒருத்தர் இருப்பமுங்க."

ஒரு கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் முறை. அவர் அந்த ஒற்றைக் கட்டத்தை அடித்துவிட்டுப் பேனாவால் ஆறு கட்டம் வரைந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. தாள்களை அம்புகளோடு அப்படியே மேலே கொடுத்துவிட்டதாக அந்தப் பெண் போனில் சொன்னார். அன்று தண்ணீர் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆகட்டும் என்று கம்பெனி ஸ்டோரில் புதிதாக ஒரு ஸ்டிக்கர் தாள் வாங்கிக்கொண்டேன்.