நான் அழித்த கீறல்கள்

ஃபிஜித் தீவில் பா என்கிற ஊரில் என் கை படாத கரும்பு லாரி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். லோவுவில் கரும்புக்கு நடுவே தகரக் கூரை வீட்டில் பிறந்தவன் நான். தென்னிந்தியச் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. அதற்குள் கரும்பு வெட்ட ஆள் போதவில்லை என்று வீட்டில் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு பாவுக்கு வந்து, ஒரு மாமரத்தடியில் ஒரே ஒரு சுத்தியலோடு, நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்த ஆரம்பித்தேன். இன்று ஆறு வண்டி ஒரே நேரத்தில் நிற்கிற கராஜ். ஒரு தடவை புயலில் ஆற்றுக்குள் உருண்ட பஸ்ஸை எலும்புக்கூடாகத் தூக்கி வந்து போட்டார்கள். நாலு மாதத்தில் அதே பஸ் மாலை போட்டுக்கொண்டு ரோட்டில் போயிற்று.

எதையும் வந்ததைவிடப் புதுசாக்கித்தான் திருப்பிக் கொடுப்பேன். முடித்த வண்டி ஒவ்வொன்றின் இடுப்பிலும் மஞ்சள் பட்டை அடித்து, அதற்கு மேலும் கீழும் சிவப்புக் கோடு இழுப்பேன். அதுதான் என் கையெழுத்து. பாதி ஃபிஜிக்கு அது தெரியும்.

இன்னொன்று தெரியாது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பேச்சு ஒப்பேற்றுவேன், நம்பர் படிப்பேன், பெயிண்ட் டப்பாவைப் படத்தையும் நிறத்தையும் வைத்து எடுப்பேன். யாராவது காகிதத்தை நீட்டினால், “கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், நீயே சொல்லு” என்பேன். நாற்பது வருஷம் அந்த ஒரு கண்ணாடியை வைத்து ஓட்டினேன்.

என் மகன் வடக்குத் தீவில், சவுசவுவில் துறைமுக வேலையில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை கப்பல் ஏறி வருவான். என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஆகவே வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் பா கடைத்தெருவில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். இந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். மரியாதை தெரிந்த பெண். அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பைத்தியம் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். கதைகளில் வருகிற ஆட்களைப் போல் உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு, அதே பைத்தியம் உள்ள மற்றவர்களோடு தலைநகர் சுவாவில் கூடுவது. காஸ்ப்ளே என்று பேர்.

ஒரு நாள் நியூஸிலாந்திலிருந்து அவளுக்கு ஒரு பெட்டி வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு ஹெல்மெட். தலை முழுதும் மூடுகிற மாதிரி, முன்னால் கறுப்புக் கண்ணாடி. சாம்பல் நிறம். மேலெல்லாம் கீறல், கருகல், துரு மாதிரி கறை.

“என்னாம்மா இது? யாரோ குப்பையில போட்டதை அனுப்பிட்டானா?”

“இல்ல மாமா. வேற ஒருத்தர் செஞ்சு போட்டுக்கிட்டது. நான் செகண்ட்ஹேண்ட்ல வாங்கினேன். ஒரு கதையில நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பார்சல் கொண்டுபோற பொம்பளை ஒருத்தி, அவ போடுறது.”

“பார்சல் கொண்டுபோறதுக்கு இதா? நம்ம ஊர் பஸ் டிரைவருகூட வெறுந்தலையாத்தானே கொண்டுபோறான்.”

சிரித்தாள். அப்படிக் கேலி பண்ணினால் சிரிப்பாள், அப்போது. பிறகு ஹெல்மெட்டைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற கீல் ஒரு பக்கம் உடைந்திருந்தது. பின்மண்டையில் ஒரு விரிசல். உள்ளே பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இந்த மூணும் மட்டும் சரி பண்ணிக் குடுப்பீங்களா மாமா? சுவாவுல அடுத்த மாசம் போட்டி இருக்கு. இதைச் செஞ்சவர் எல்லாத்தையும் எழுதி அனுப்பியிருக்கார். படிச்சிட்டுத் தொடுங்க.”

இரண்டு பக்கக் காகிதம். இங்கிலீஷ். நெருக்கி எழுதியது. அவளும் நானும் மட்டும் இருந்த மேசை. “எனக்குப் படிக்க வராதும்மா, நீயே வாசி” என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

“பார்த்துக்கிறேன். நான் எவ்வளவு வண்டி பார்த்தவன்!”

கராஜில் என்னோடு முப்பது வருஷமாக இருக்கிற பெயிண்டர் பாய் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். எல்லோரும் என்னை முதலாளி என்பார்கள். அவர் மட்டும் தம்பி என்பார். அவர் ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இந்தக் கீறல் கையில தட்டுப்படல. உள்ள பள்ளமே இல்லையே. பெயிண்ட்ல போட்ட மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?”

“காகிதம் குடுத்திருக்கா.”

“என்ன போட்டிருக்கு அதுல?”

“படிச்சேன். பெருசா ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பார்த்தியா?”

“பாய், உங்க வேலையைப் பாருங்க. நம்ம வீட்டுப் பொண்ணு நாலு பேர் முன்னாடி போட்டுக்கிட்டு நிக்கப்போவுது. இந்தக் கோலத்துலயா?”

கீலைப் புதிதாகச் செய்து போட்டேன். விரிசலுக்குப் பட்டி வைத்து அடைத்தேன். உள்ளே பஸ் சீட்டுக்குப் போடுகிற நல்ல ஸ்பான்ஜை வெட்டி ஒட்டினேன். அவள் கேட்டது அதோடு முடிந்தது. நான் நிறுத்தவில்லை. உப்புத்தாளை எடுத்தேன். ஒரு பக்கம் தேய்த்ததும் கருகல் போயிற்று, துரு போயிற்று, கீறல் போயிற்று. மழமழவென்று வந்தபோது எனக்குக் கை துறுதுறுத்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஆறு கோட் வெள்ளி பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டேன். முகம் பார்த்துத் தலை சீவலாம். கடைசியில், மனசு கேட்காமல், நெற்றியைச் சுற்றி மஞ்சள் பட்டை அடித்து, மேலும் கீழும் சிவப்புக் கோடு இழுத்தேன்.

அவளைக் கராஜுக்கே வரச்சொன்னேன். கராஜில் வேலை செய்கிற ஆறு ஆட்களையும் சுற்றி நிற்க வைத்தேன். மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தேன். துணியை எடுத்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தொடவில்லை. பிறகு இந்தியில் மெதுவாகக் கேட்டாள், காகிதத்தைப் படித்தீர்களா என்று. ஆட்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“படிச்சேனே. ரெண்டு தரம் படிச்சேன்.”

“படிச்சிட்டா மாமா இப்படிச் செஞ்சீங்க?”

“அவனுக்கு என்னம்மா தெரியும்? எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். வேலை தெரிஞ்சவன் நான்.”

அவள் தலையை ஆட்டினாள். “நல்லா இருக்கு மாமா. வினாக்கா,” என்றாள். கைவீட்டிகளுக்கு, அதாவது இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு, அவர்கள் பாஷையில் சொல்கிற நன்றியை எனக்குச் சொன்னாள், ஏதோ கடைக்காரனுக்குச் சொல்வதுபோல. எனக்கு அது உறைக்கவில்லை. வாயடைத்துப் போய்விட்டாள் என்று பாயிடம் சொன்னேன். பாய் பிரஷ் கழுவப் போய்விட்டார்.

போட்டிக்கு நானும் சுவாவுக்குப் போனேன். அவள் கூப்பிடவில்லை, நானே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் பக்கத்து சீட்காரரிடம் ஹெல்மெட்டைப் பற்றி அளந்தேன். மண்டபத்தில் விதவிதமான உடுப்பில் ஆட்கள். அவள் உடுப்பு, அவளே மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்தது, முழங்காலில் ஒட்டுப் போட்டு, ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து இருந்தது. அத்தனையும் வேண்டுமென்று செய்தது. அதற்கு மேலே என் வெள்ளி ஹெல்மெட், கல்யாணப் பாத்திரம் மாதிரி.

மேடை ஏறியதும் பின்னாலிருந்து எவனோ கத்தினான்: “பா பஸ் ஆய் கயிஸ்!” பா பஸ் வந்துவிட்டது என்று. மண்டபமே சிரித்தது. இன்னொருவன் மணி அடிக்கிற மாதிரி வாயாலேயே அடித்தான். மைக் பிடித்திருந்தவர் அவளிடம் இந்தப் பட்டையைப் பற்றிக் கேட்டார். “என் மாமனார் அடிச்சது. அதோ உட்கார்ந்திருக்கார்,” என்றாள். ஒரு வார்த்தைகூட என்னைக் குறைத்துச் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். கைதட்டினார்கள். எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்கூட. இதை எழுதும்போது காது சுடுகிறது.

அன்றைக்கு வீடு திரும்பியதும் அவள் அடுக்களையில் நின்று என் மகனோடு போனில் பேசினாள். நான் முன்னறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் பலகைச் சுவர்தான்.

“உங்க அப்பா தெரியாம செய்யல. படிச்சிட்டுத்தான் செஞ்சார். ரெண்டு தரம் படிச்சேன்னு அவரே சொன்னார். மேல்பக்கத்துல உப்புத்தாள் படக்கூடாது, அந்தக் கீறல் எல்லாம் ஒண்ணொண்ணா கையால வரைஞ்சது, ஒரு வருஷம் ஆச்சுன்னு அந்த மனுஷன் எழுதியிருந்தார்… இல்ல. கோவம் இல்ல. நான் இப்படி வேஷம் போடுறது அவருக்குப் பிடிக்கல. வேணாம்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். சொல்லாம, அத்தனை ஆளைக் கூட்டி வச்சு இப்படிச் செஞ்சுட்டார். அதான்.”

ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு அடி எடுத்து வைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது: வேண்டுமென்றே மருமகள் மனசை உடைத்த கொடுமைக்காரன், இல்லையென்றால் எழுத்துத் தெரியாதவன். நான் யோசித்துப் பார்த்துக் கொடுமைக்காரனாகவே இருந்துவிட்டேன். அதுதான் என் வெட்கம். ஹெல்மெட் தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே போயிற்று. சோறு நேரத்துக்கு வந்தது. மாமா என்ற மரியாதை குறையவில்லை. ஆனால் என் கேலிக்கு அவள் சிரிப்பது நின்றது. தையல் மிஷின் மேல் துணி போட்டு மூடிவிட்டாள். மகன் வந்தபோது என்னிடம் வானிலை மட்டும் பேசினான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அறையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உடுப்பு, பூட்ஸ், மேலே அந்த வெள்ளி ஹெல்மெட்.

“எங்கம்மா போவுது?”

“சுவாவுல ஒரு பொண்ணுக்கு மாமா. எனக்கு இனிமே வேணாம்.”

முடிச்சுப் போட, கயிற்றின் மேல் விரலை வைத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடிக்க முடியவில்லை. நான் சட்டைப்பையில் அத்தனை நாளும் வைத்திருந்த காகிதத்தை எடுத்து மேசையில் போட்டேன். நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் கறுத்திருந்தது.

“நான் இதைப் படிக்கலம்மா.”

“ரெண்டு தரம் படிச்சேன்னீங்களே.”

“பொய். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஒரு எழுத்தும் தெரியாது. கண்ணாடி மறந்தேன்னு சொல்றதும் பொய்.”

சிரிப்பாள் என்று பயந்தேன். பாவம் பார்ப்பாள் என்று அதைவிடப் பயந்தேன். இரண்டும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றுதான் என்னிடம் குரல் உயர்த்தினாள்.

“அரே மாமா! ரெண்டு மாசமா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன்னு தெரியுமா? இந்த வீட்டுல என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். எனக்கும்தான் தமிழ் படிக்க வராது. கோயில்ல பாட்டுப் புஸ்தகம் குடுத்தா வராதுன்னு திருப்பிக் குடுப்பேன். அதுக்காக ஒரு நாள் பொய் சொன்னேனா?”

கயிற்றை உருவிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பெட்டி திறந்தபடி மேசையிலேயே கிடந்தது. அன்றைக்கு நானே சோறு ஆக்கினேன், குழைந்துவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடை அரை நாள். மத்தியானம் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு வந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கம்பி பிரஷ் ஒன்றும் மழுங்கிய உளி ஒன்றும் எடுத்துக்கொண்டு, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, என் ஆறு கோட் பெயிண்ட்டின் மேல் கீற ஆரம்பித்தாள். கர்ரென்ற ஒவ்வொரு இழுப்பும் என் பல்லில் விழுந்தது. ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“முதலாளி, மருமக என்ன பண்ணுது?”

“நான் கெடுத்ததைச் சரி பண்ணுது,” என்றேன்.

அதோடு விட்டிருப்பார்கள். பாய் விடவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“ஏன் தம்பி, அந்தக் காகிதத்துல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?”

அவள் கை நின்றது. தலை நிமிரவில்லை, ஆனால் பிரஷ் பெயிண்ட்டின் மேல் அப்படியே நின்றது. என் சட்டைப்பையில் கண்ணாடி இருந்தது. வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்வதற்குக்கூட வழியில்லாமல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது.

“அதை அவகிட்டக் கேளுங்க, பாய். எனக்குப் படிக்கத் தெரியாது.”

“படிச்சேன்னு சொன்னியே?”

“பொய் சொன்னேன். உங்ககிட்டயும் சொன்னேன், அவகிட்டயும் சொன்னேன்.”

ஆறு பேரும் கேட்டார்கள். எவனாவது சிரித்திருந்தால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போயிருப்பேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அவரவர் வண்டிக்குத் திரும்பிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெஞ்சிலிருந்து கர்ரென்ற சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை மஞ்சள் பட்டையின் மேல்.