கெலிஓயாவில் நிரப்பிய போத்தல்

யுத்த காலத்தில் கண்டியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்துக் கோடையைக் கண்ட எனக்கு அங்கே தண்ணீரின் அருமையைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாடு. "ஆறே ஓடுது டீச்சர், தண்ணிக்கு என்ன பஞ்சம்?" என்பார்கள். அந்த ஆற்றில் என்ன கலக்கிறது என்று காட்டத்தான், ஒரு சனிக்கிழமை ஏழு பிள்ளைகளோடு கெலிஓயாவுக்குப் புறப்பட்டேன்.

கண்டியிலிருந்து கம்பளை பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவு. சோதனைச் சாவடிகளில் மறிக்காவிட்டால் முக்கால் மணித்தியாலம். கடைகளுக்குப் பின்னால் சவர்க்கார நுரையும் மீன் செதிலுமாகக் கழிவு ஓடும் கான் மகாவலி ஆற்றில் விழுகிறது. வெறும் போத்தல் கொண்டுவரச் சொன்னால், பிள்ளைகள் தோளில் மாட்டுகிற தண்ணீர்ப் போத்தலையே கொண்டுவந்திருந்தார்கள். புடவைக்கடைக்காரரின் மகள் செல்வராணி, மூக்கைப் பொத்திக்கொண்டு தன்னுடையதில் கான் தண்ணீரை நிரப்பினாள்.

திரும்பும்போது பேராதனை இராணுவச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். போத்தல் வைத்திருப்பவர் ஒரு மிடறு குடித்துக் காட்டவேண்டும். பெற்றோல் இல்லை என்பதற்கு அன்று அதுதான் அத்தாட்சி. "பீலா பென்னன்ன," குடித்துக் காட்டு என்றார் சிப்பாய். பயத்தில் செல்வராணி மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோய்விட்டாள்!

"குடியாதை பிள்ளை!" என்று கத்திப் பறித்தேன். அது வினையாகிவிட்டது. துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் மறந்துபோனது. பிள்ளைகளின் வீடுகளுக்கு என்ன பதில் சொல்வேன்?

செல்வராணிதான் கடையில் பழகிய சிங்களத்தில் ஏதோ சொன்னாள். சிப்பாய் போத்தலை முகர்ந்தார். முகம் கோணிப்போய், சிரித்துவிட்டார். அப்பாடா! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"கான் தண்ணி, பாடத்துக்கு எடுத்தோம், மோந்து பாருங்கன்னேன் டீச்சர். இது இங்கிட்டும் வருமான்னு கேக்குறாரு. இவங்க குடிக்க ஆத்துலதான் தண்ணி புடிக்கிறாங்களாம்."

ஆறு அங்கிருந்து இங்கேதான் ஓடுகிறது, வரும் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். இடுப்பிலிருந்த தன் போத்தலைக் கழற்றி, ஒரு பிள்ளையின் வெறும் போத்தலில் ஊற்றி, இதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

இப்போது பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்களுக்கு: மழை பெய்த மறுநாள் போகவேண்டாம், கரை வழுக்கும். மாதிரி எடுக்கும் போத்தலையும் குடிக்கும் போத்தலையும் கலக்கவே வேண்டாம்.

சிப்பாயின் தண்ணீர் பார்வைக்குத் தெளிவுதான், ஆனால் சோதனையில் தேறவில்லை. அடுத்த சனிக்கிழமை செல்வராணியோடு போய், அவரிடம் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சாவடிக்கு நானாக விரும்பிப் போனது அந்த ஒருமுறைதான்.