தனுஷ்கோடியில் தவறவிட்ட கூறை

வெள்ளைக்காரன் காலத்தில் தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடியும் ரயில். தங்கையின் கல்யாணக் கூறைச்சேலையை மதராசில் வாங்கிக்கொண்டு திரும்பிய நான், அந்தப் பாதையால் இரு நாட்டு வணிகமும் செழிப்பதை எதிரே இருந்த கொழும்புக் கொட்டாஞ்சேனை முஸ்லிம் துணி வியாபாரிக்கு, ‘நாநா, நாநா’ என்று அண்ணன் முறை சொல்லி வழிநெடுக விளக்கினேன். விளக்கிய களைப்போடு கப்பலேறினேன்.

நாநா கூறைப் பொட்டலத்தோடு பின்னால் ஓடிவந்தார். “தம்பி, ரெண்டு நாட்டு யாவாரத்தையும் கப்பல்ல ஏத்திட்டீங்க. கூறைய ரயில்லயே உட்டுட்டீங்களே!”

நன்றிக்கடனாக கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த தங்கையின் கல்யாணத்துக்கு அவரை அழைத்தேன், வந்தார். என் கவனத்தில் என்றைக்குமே நம்பிக்கை இல்லாத அம்மா அவரிடம், “இவன் கூறையைப் பத்திரமாக் கொண்டு வந்தவனோ?” என்று கேட்டார். நாநா தயங்கவே இல்லை.

“மடியவிட்டு எறக்கவே இல்லம்மா.”

அம்மா முதல்முறையாக என்னைப் பெருமையோடு பார்த்தார். அந்த வழியாகச் சுங்கத் தீர்வை கட்டாமல் எனக்கு வந்த ஒரே சரக்கு, நாநா சொன்ன அந்தப் பொய்தான்.