கடைசி வீட்டின் கதவு

நடுவிரல் மூட்டை மடக்கி இரண்டு முறை தட்டுவார். கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒன்று. தட்டி முடித்ததும் காதைக் கதவில் ஒட்டமாட்டார். பலகைக்குள் ஓடி மறையும் ஒலியை வழியனுப்புகிறவர்போலத் தலையை மட்டும் சாய்த்து நிற்பார். சாப்பாட்டு டப்பாவைத் தரையில் வைப்பார். உள்ளே இருப்பவன் இடக்கைக்காரன் என்பதால் கரண்டியை இடப்பக்கமாகத் திருப்பி வைப்பார். "வச்சிருக்கேன்." அந்த ஒரு சொல்தான். மேலே ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருப்பார். கதவைப் பார்த்ததும் மறந்துபோகும். சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

கதவென்று இல்லை, எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற கை அது. லிஃப்டின் தகடு, மாடிப்படிக் கைப்பிடி, பல் மருத்துவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டி. சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி எப்போதும் உண்டு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அவர் கழிப்பறைச் சுவரைத் தட்டிக் கண்மூடி நிற்பதைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பியிருக்கிறார்கள். "ஒன்னுமில்லப்பா, சுவரு உள்ள வெத்தா இருக்கு. நல்ல சத்தம்" என்பார், கையைக் கழுவிக்கொண்டே.

அங்கே அவருக்கு மேஸ்திரி என்று பெயர். செங்கல் தொட்ட கையல்ல. வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் அது. மாயமும் வாளும் நிறைந்த ஒரு ராஜ்யத்தை அவர்கள் ஆண்டுக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீரர்களையும் டிராகன்களையும் வேறு ஆட்கள் செய்தார்கள். அவர்கள் நிற்க மண், ஒதுங்கச் சுவர், தொலைந்துபோகக் காடு என்று மீதியெல்லாம் மேஸ்திரியின் பாடு.

இந்த உலகம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கென்று விளம்பரப் பிரிவுக்காரர் ஒரு பதிலை எழுதிக் கொடுத்திருந்தார். பழைய காப்பியங்கள், இடிந்த கோட்டைகள், கடலோடிகள் சொன்ன கதைகள். கேமரா முன்னால் மேஸ்திரி அதைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். விளக்கை அணைத்த பிறகு, ஒலிவாங்கியைச் சட்டையிலிருந்து கழற்றிக்கொண்டே, "கோட்டைய நான் தபால்தலைலதான் பாத்திருக்கேன்" என்றார்.

"பின்ன அவ்வளவு பெரிய அரண்மனைய எங்க பாத்து செஞ்சீங்க?" என்றார் விளம்பரப் பிரிவுக்காரர்.

"ஒரு சர்டிபிகேட் வாங்க ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். அங்க ஒரு ஹால். உக்காந்து உக்காந்து பெஞ்செல்லாம் பளபளன்னு இருந்துச்சு. கூப்பிடவே மாட்டாங்க. அதான் சிம்மாசன மண்டபம்."

இதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் உண்மை அதுதான். ரசிகர்கள் வியந்து எழுதும் சாம்பல் காடு, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் எரிந்துபோன ஒரு மரக்கிடங்கு. அரக்கனின் சுரங்கம், மருத்துவமனையின் அடித்தளத்தில் எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடை. தரையில் போட்ட பச்சைக் கோட்டின் வழியே எல்லோரும் ஒரே பக்கமாக நடப்பார்களே, அது. டிராகனின் மூச்சு, அவர் வீட்டுக் குக்கர். அந்த ராஜ்யத்தில் பயமாக இருக்கும் இடமெல்லாம் மேஸ்திரி எங்கோ காத்திருந்த இடம்.

நூலிலிருந்து வந்ததென்றால் ஒன்றே ஒன்று. அதுவும் அச்சேறாத நூல். மகன் சின்னவனாக இருந்தபோது தூங்கவைக்க அவரே இட்டுக்கட்டிய கதை. தண்ணீருக்கடியில் ஒரு ஊர். ஊர் முழுக்க வீடுகள் காலி. கடைசித் தெருவில் கடைசி வீட்டில் மட்டும் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். கதையில் வருகிற பையன் மீன்களிடம் வழி கேட்டு, நண்டிடம் திட்டு வாங்கி, ஒருவழியாக அந்தக் கதவுக்கு வந்து தட்டுவான். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு.

"உள்ள யாருப்பா?" என்று மகன் கேட்பான்.

"அது நாளைக்கு."

மறுநாள் கதை மறுபடி மீன்களிடமிருந்துதான் தொடங்கும். கதவுக்கு வருவதற்குள் மகன் பாதித் தூக்கத்தில் இருப்பான். உள்ளே யார் என்று அப்பாவுக்கும் தெரியாது. தெரியாததை ஒத்திப்போட்டே பல வருடம் ஓட்டினார்.

அந்த மகனுக்கு வீட்டில் பொத்தான் என்று பெயர். தவழும் வயதில் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிய்த்து விழுங்கிவிட்டான். அது வெளியே வரும்வரை குடும்பமே அவன் பின்னால் அலைந்தது. பொத்தான் வந்தது, பெயர் நின்றுவிட்டது. படித்தான், வேலைக்குப் போனான். ஒருநாள் மதியமே வீடு திரும்பினான். தலை வலிக்கிறது என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை, காரணமும் இல்லை. மருத்துவரை அழைத்து வந்தார்கள். அவர் கதவோடு பேசிவிட்டுப் போனார். வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் அவன் வெளியே வருகிறான் என்பதைத் துவைத்து மடித்த துணி காணாமல் போவதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். உள்ளே என்ன செய்கிறான் என்பது சத்தத்திலிருந்து தெரியும். கேம் விளையாடும் கருவியில் கட்டைவிரல் ஓடும் சின்னச் சின்ன டிக் டிக். அது கேட்டால் மேஸ்திரி மூச்சு விடுவார்.

அலுவலகத்தில் யாராவது விசாரித்தால், "பையன் வெளியூர்ல இருக்கான்" என்பார். அது முழுப் பொய் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

ராஜ்யத்தில் ஒரு மூழ்கிய ஊர் வேண்டும் என்று முடிவானபோது, மேஸ்திரி கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது ஒன்றுதான். காலியான தெருக்களை மளமளவென்று கட்டினார். கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கு வந்ததும் கை மெதுவானது. அந்தக் கதவின் பலகை, கீறல், கைப்பிடிக்குக் கீழே உரிந்த வண்ணம் எல்லாம் மகனின் அறைக் கதவைப் பார்த்துச் செய்தது. தட்டும் ஒலியும் அதுதான். ஒருநாள் காலை டப்பாவை வைக்கும்போது கருவியை ஓடவிட்டுப் பதிந்துகொண்டார். ஆடுகிறவர் ஒரு அழுத்து அழுத்தினால் கதவில் ஒரு தட்டு விழும். அந்த முறையில் தட்டினால் கதவு திறக்கும். மனைவியிடம் மட்டும் சொன்னார்.

மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள். "ஏங்க, இருக்கிற ஒரு கதவு பத்தாதா உங்களுக்கு? அங்க போயி இன்னொன்னு வேற செஞ்சு வச்சிருக்கீங்க?"

"இது திறக்கும்."

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். "உள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்றாள்.

ஒரு மேசை, ஒரு விளக்கு, எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஆணியில் ஒரு சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. கதைக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு முடிவு. சொல்ல வாய் வராததையெல்லாம் அந்த அறையில் வைத்தாகிவிட்டது, இனி அவன் வந்து தட்ட வேண்டியதுதான் பாக்கி என்று அவர் நம்பினார்.

கேம் வெளிவர இருந்த நேரத்தில் பழைய கருவிகளில் அது திக்கித் திணறியது. சுமையைக் குறைக்கத் தேவையற்றதையெல்லாம் வெட்டச் சொன்னார்கள். இயக்குநர் வயதில் சின்னவர், மேஸ்திரி மேல் மரியாதை உள்ளவர். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்தக் கடைசி வீட்டு ரூம். உள்ள போனா என்ன கிடைக்கும்?"

"ஒன்னும் கிடைக்காது."

"வாளு, சாவி, ஏதாவது ஒரு ரகசியம்?"

"உக்காரலாம்."

இயக்குநர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருந்தியவர்போல மூக்கைத் தேய்த்தார். "உக்கார்றதுக்கு யாருண்ணா காசு குடுத்து கேம் வாங்குறான்? அந்தத் தெருவுக்கே எவனும் வரமாட்டான்."

"ஒரே ஒரு ரூம்தானே தம்பி."

"எல்லாரும் அதையேதாண்ணா சொல்றாங்க. காட்டுக்காரன் ஒரே ஒரு மரம்தானேங்கறான். டிராகன்காரன் ஒரே ஒரு வாலுதானேங்கறான். கதவு இருக்கட்டும். பாக்க நல்லா இருக்கு. ரூம எடுத்துருங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். என் மகன் என்று தொடங்கியிருந்தால் போதும், அந்த இளைஞர் நெகிழ்ந்து விட்டுக்கொடுத்திருப்பார். ஆனால் வெளியூரில் இருக்கும் மகனை ஒரே நிமிடத்தில் உள்ளூருக்குக் கொண்டுவந்து, அதுவும் ஒரு பூட்டிய அறைக்குள் கொண்டுவந்து நிறுத்த மேஸ்திரிக்கு நாக்கு எழவில்லை. தானே உட்கார்ந்து அழித்தார். முதலில் நாற்காலிகள், பிறகு மேசை, சட்டை. கடைசியில் சுவர்கள். விளக்கை எடுக்கும்போது மட்டும், இடுக்கில் தெரிகிற வெளிச்சத்தைத் தனியாகப் பிரித்துக் கதவின் அடியில் ஒட்டிவைத்தார். அதற்குச் சுமை எதுவும் கிடையாது. பின்னால் அறையில்லாத கதவு, விளக்கில்லாத வெளிச்சம்.

வெளியான அன்று காலை டப்பாவின் மேல் கேமை வைத்துத் தட்டினார். மாலையில் காலி டப்பாவுக்குள் அதன் பிளாஸ்டிக் உறை கிடந்தது. அதை நீவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின் வந்த நாட்களில் டிக் டிக் சத்தம் ஓயவில்லை. எந்த ஊரில் இருக்கிறான், எந்தத் தெருவில் நிற்கிறான் என்பது கதவுக்கு வெளியே எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள அலுவலகத்தில் ஒரு வழி இருந்தது. ஆடுகிறவர்கள் எங்கே நின்றார்கள், எதைத் தொட்டார்கள் என்பதையெல்லாம் திரட்டி வரைபடமாக்கும் பெண் ஒருத்தி, எண்ணுக்காரி என்பார்கள். கூட்டம் கூடிய இடம் சிவப்பு, குறைந்த இடம் மஞ்சள், ஆளே வராத இடம் கறுப்பு. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிய அன்று எல்லோரும் அவரவர் இடத்தைத் தேடினார்கள். சாம்பல் காடு தகதகவென்று சிவந்திருந்தது. நாலு பேர் மேஸ்திரியின் முதுகில் தட்டினார்கள். அவர் குனிந்து, கீழ் மூலையில் மூழ்கிய ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தெரு கறுப்பு.

"இந்தக் கதவுகிட்ட யாருமே வரலையாம்மா? ஒருத்தர்கூட?"

"மனுஷங்க யாரும் வரல சார்" என்றாள் எண்ணுக்காரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க என்ன இருக்கு, வர்றதுக்கு?"

"அதானே" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "விடுங்க. தினமும் டொக்கு டொக்குன்னு நீங்க தட்டறதுதான் அவனுக்குத் தொந்தரவோ என்னவோ. சாப்பாடு வாசனைக்கே தெரியும் அவனுக்கு."

மறுநாளிலிருந்து அவர் தட்டுவதில்லை. டப்பாவைச் சத்தமில்லாமல் வைக்கிறார். கரண்டியை இடப்பக்கம் திருப்புகிறார். போய்விடுகிறார். சட்டைப் பையில் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. லிஃப்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்த கேமுக்கு ஒரு பாலைவனம் கேட்டிருக்கிறார்கள். மேஸ்திரிக்கு என்ன ஆயிற்று, மணலைத் தவிர ஒன்றையும் காணோமே என்று இயக்குநர் ஒருமுறை கேட்டார். கொஞ்ச நாளாகக் கதவுக்குப் பின்னால் டிக் டிக் சத்தமும் குறைந்துவிட்டது. டப்பா பாதி நாள் பாதியோடு திரும்புகிறது.

இதற்கெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரியவந்தது இது. எண்ணுக்காரி வேறு நிறுவனத்துக்குப் போனாள். போகும்போது எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். மேஸ்திரி வரவில்லை. தன் வேலையில் பார்த்த வேடிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், "தானா கேம் ஆடுற ஒரு லூசு மெஷின் கதை சொல்லவா?" என்றாள்.

"வெளியான முதல் வாரம். டிராகன் பக்கம் போகல, வாளு எடுக்கல. நேரா அந்த மூழ்கின ஊருக்குப் போயி, கடைசியில ஒரு டம்மி கதவு இருக்குல்ல, அது முன்னாடி நின்னுட்டு தட்டிக்கிட்டே இருக்கு. திறக்காத கதவு. மறுநாளும் வருது, தட்டுது. அப்பறம் ஒருநாள் நிறுத்திடுச்சு. திரும்ப கேமுக்கே வரல. பேரு என்ன தெரியுமா? பொத்தான். பொத்தான அமுக்குறதுக்குன்னே எவனோ செஞ்சுவிட்ட மெஷின்னு கணக்குலேர்ந்து தூக்கிட்டேன். மனுஷன்னா தாறுமாறா தட்டுவான்ல? இது ஒரு தடவகூட மாத்தல."

எப்படி என்று யாரோ கேட்டார்கள். தேநீர்க் கோப்பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, நடுவிரல் மூட்டை மடக்கி, பெஞ்சுப் பலகையில் தட்டிக் காட்டினாள். இரண்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒன்று.